முந்நூற்று எட்டாம் வரி

ஹெல்டுர் தாலினுக்கு மாற்றலாகிப் போனபோது
ஒரு சாவிக்கொத்தையும்
ஒரே ஒரு கோப்பையும் விட்டுப் போனார்.
கொய்க் டாட் பை.
எங்கள் எஸ்டோனிய மொழியில்
கொய்க் என்றால் எல்லாம்.

எல்லாம்தான்.
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வரி.
வாத்தின் கால்வளைய எண்ணைப் படிக்க,
எடை போட, காற்றின் திசை குறிக்க,
அமைச்சகத்துக்கு ஆண்டறிக்கை அச்சிட,
நடுவே ஒரு ஃபங்ஷன்
இந்த வாரம் காபித்தூள் யார் வாங்குவது என்று
சீட்டுக் குலுக்க.

பிப்ரவரி.
சாரேமா தீவைச் சுற்றிக் கடல் உறைந்து கிடந்தது.
ஏப்ரலில் பறவைகள் வந்துவிடும்.
அதற்குள் பிரித்து வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு கோப்புறை.
அதற்குள் இனிட் என்றொரு கோப்பு,
இரு பக்கமும் இரட்டை அடிக்கோடு,
உள்ளே ஓர் எழுத்தும் கிடையாது.
வாசல் என்பதும்
செங்கல் வைக்காமல் விட்ட இடம்தானே.

பிறகு வளையம், எடை, வானிலை, அறிக்கை
என்று தனித்தனிக் கோப்புகள்.
வெட்டினேன், ஒட்டினேன்.
முந்நூற்று எட்டாம் வரியில்
சுத்தம்செய் என்று ஒன்று. நகர்த்தினேன்.
மூவாயிரத்து இருபதில்
மறுபடி சுத்தம்செய்.
அதே பெயர், வேறு உடம்பு.

தேநீர் ஆறிப்போனது.

பைத்தான் வழக்குக்குப் போகாது.
மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டே வரும்.
ஒரே பெயரில் இருவர் வந்தால்
பின்னால் வந்தவருக்கு நாற்காலி.
முன்னவர் எழுந்து போனதை
ஒருவரிடமும் சொல்லாது.

மேலே இருந்தது யூலோ எழுதியது:
பறவையைப் போட்டு நிறுக்கும் துணிப்பையின் எடையைக் கழிப்பது.
கீழே இருந்தது நான் எழுதியது:
காலி வரிகளைத் தள்ளுவது.
பெயர் யோசிக்கப் பொறுமையில்லாத
ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை.

மூன்று வசந்தங்களாய்
எங்கள் வாத்துகள் பதினெட்டு கிராம் பருத்திருந்தன.
யூலோவின் தராசைப் பாருங்கள் என்று
கூட்டத்தில் சொன்னது நான்.
அவன் சொந்தக் காசில் புதுத் தராசு வாங்கினான்.
அடுத்த ஆண்டும் அதே பதினெட்டு.
நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.
அதன்பிறகு வலைகளை மடித்து வைத்துவிட்டு
மீன்பிடித் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

பிரித்த பின்னும் ஓடவில்லை.
வளையம் எழுந்திருக்க எடையைக் கூப்பிட்டது.
எடை எழுந்திருக்க வளையத்தைக் கூப்பிட்டது.
பாதி விழித்த இரண்டு பேர்,
நீ முதலில், இல்லை நீ முதலில்.
இருவருக்கும் வேண்டிய நாலு ஃபங்ஷனைப் பிடுங்கி
பொது டாட் பையில் வைத்தேன்.
அது யாரையும் கூப்பிடாது.
கேட்டால் கொடுக்கும்.

இந்த முறை நட்சத்திரக்குறி போட்டு
வீட்டையே அள்ளி வரவில்லை.
எந்தக் கோப்பிலிருந்து எது வேண்டும் என்று
பெயர் சொல்லிக் கேட்டேன்.
அவனுடையதற்குப் பைகழி,
என்னுடையதற்குக் காலிநீக்கு.

விடியற்காலை ஐந்தேகால்.
இம்போர்ட் என்று ஒற்றை வரி. என்டர்.
பிழை இல்லையென்றால் அது வாய் திறப்பதில்லை.
கர்சர் அடுத்த வரிக்குப் போய்
மினுக்கிக்கொண்டு நின்றது.
பழைய மூன்று ஆண்டுகளையும் ஓட்டினேன்.
ஒவ்வொரு வாத்தும் இளைத்தது.
பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு.

கைபேசியில் அவன் எண்ணை
யூலோ தராசு என்று சேமித்திருந்தேன்.
முதலில் அந்தப் பெயரை அழித்தேன்.
ஆறு மணி ஆகட்டும் என்று
சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆறாக நாலு நிமிடம் இருக்கும்போதே அடித்துவிட்டேன்.

எடுத்தான். பின்னால் படகு என்ஜின் சத்தம்.
மன்னிப்பு என்ற சொல்லைத்தான் தயார் செய்திருந்தேன்.
வாயில் வந்தது,
முந்நூற்று எட்டாம் வரி.

என்ஜினை யாரோ அணைத்தார்கள்.

ஆமாம், என்றான் யூலோ,
அது என்னுடையது.